முந்நூறு தாண்டினால் கால் நகராது

தட்டை அங்கேயே வையுங்க மதினி. சாப்பிடுகிறேன். சாப்பிட மாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பசிக்கவில்லை என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை இந்த வீட்டில் யாருக்குப் புரியவைப்பது? ‘நேத்து சாயங்காலத்துல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, நீ போயி என்னன்னு கேளு’ என்று அம்மாதானே உங்களை அனுப்பினாள்? தெரியும். நீங்க கல்யாணமாகி வந்து இன்னும் முழுசா இரண்டு மாதம் ஆகவில்லை, உங்களிடம் நான் எரிந்து விழ மாட்டேன் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு சரிதான். உட்காருங்க.

கேம்தான். ஆமாம், கேமுக்காகத்தான். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிடுங்க மதினி, நடுவில் சிரித்தால் எனக்குப் பேச்சு அறுந்துபோகும். அம்மா சொல்கிற மாதிரி டப்பு டுப்பென்று சுடுகிற விளையாட்டு இல்லை இது. ஒரு தீவில் நம்மைக் கட்டின துணியோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, குடிசை போட்டு, குளிரில் சாகாமல், ஓநாய் கடிக்காமல் நாமே பிழைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வெளியே அருப்புக்கோட்டை வெயில் கொளுத்துகிறது, நான் இங்கே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பனியில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்பார் அப்பா. அவர் கிரிக்கெட் பார்க்கும்போது நான் ஏதாவது சொல்கிறேனா?

ஆடுவது மூன்று பேர். நான், ஃபர்சானா, ஜெபக்கனி. கல்யாணத்துக்கு வந்திருந்தார்களே, பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டது ஃபர்சானா, வேண்டாம் வேண்டாமென்று இலையை மடித்தது ஜெபா. அவள் வாணியம்பாடி, இவள் நாசரேத். சேலத்தில் எம்.ஏ. பொது நிர்வாகம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் படித்தோம், விடுதியில் ஒரே அறை. பரீட்சை முடிந்து அவரவர் ஊருக்கு வந்த பிறகும் தினமும் மத்தியானம் அந்தத் தீவில் பார்த்துக்கொள்வோம். தீவு இருப்பது ஃபர்சானாவின் லேப்டாப்பில். அவள் கதவைத் திறந்தால்தான் நாங்கள் இருவரும் இங்கிருந்தே உள்ளே போக முடியும். எங்கள் லேப்டாப் இரண்டும் கிழடு, உள்ளே போக ஆகும், தீவையே வைத்துக்கொள்ளத் தாங்காது. காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஆடுவோம். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரியே இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எடை.

அந்த விளையாட்டில் ஆளுக்கொரு பை. நாம் எடுத்த கல், கட்டை, ரொட்டி எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. மொத்தம் முந்நூறு வரை நடக்கலாம், ஓடலாம், மலை ஏறலாம். முந்நூற்றொன்று ஆனால் போச்சு. கால் நகராது. ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவோம். அதிலும் அநியாயத்தைக் கேளுங்க: கோழி இறகுக்கு எடை உண்டாம், குடம் தண்ணீருக்கு எடை இல்லையாம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேம் செய்த கம்பெனிக்கு மெயில் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. படிக்காமலே போடுகிற பதில். அதற்கும் ஒன்று எழுதினேன்.

எடை என்று வந்துவிட்டால் யாராவது ஒருத்தி பொறுப்பெடுக்க வேண்டுமா இல்லையா? பொது நிர்வாகம் எதற்குப் படித்தோம்? முதல் வாரமே நான் பிரித்துக் கொடுத்தேன். சாப்பாடு ஃபர்சானா. ஆயுதம் ஜெபா. மற்றதெல்லாம் நான். அந்த ‘மற்றதெல்லாம்’ எவ்வளவு என்று யாராவது யோசித்தார்களா? கட்டை, கல், இரும்பு, கயிறு, தோல், மருந்து. அப்புறம் ஃபர்சானா கேட்காமல் தேனைத் தின்றாள் என்று சாப்பாட்டையும் நான் வாங்கிக்கொண்டேன். விளக்கெண்ணெய் அவளிடம் இருந்தால் அதில் மீன் பொரித்துவிடுவாள். ஒரு தடவை பொரித்தாள் மதினி, பொய் இல்லை. அதனால் எண்ணெயும் என்னிடம். ஜெபா மட்டும் வில்லைத் தர மாட்டேன் என்றாள். ‘இதையாவது நான் தூக்கிக்கிறேன்ட்டி’ என்றாள். சரி, வைத்துக்கொள் என்றேன். நான் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தினதே கிடையாது.

விவாதிப்பேன். அது வேறு.

காலில் பட்டதெல்லாம் தானாகப் பைக்குள் ஏறுகிற மாதிரி ஓர் ஏற்பாடு அதில் உண்டு. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனால் தீவுக்கே பொதுவாகத்தான் முடியும். ஆளுக்கொரு மாதிரி முடியாது. நான் இருக்கட்டும் என்றேன். குனிந்து குனிந்து பொறுக்குகிற நேரம் மிச்சம், எதுவும் வீணாகாது. ஜெபா வேண்டாம் என்றாள். ‘வழியில கெடக்க கல்லெல்லாம் எனக்கு எதுக்கு? நான் சும்மா நடக்கணும்’ என்றாள். சும்மா நடப்பதாம்! இதெல்லாம் ஒரு வாதமா? ஒரு முழு மத்தியானம் பேசினேன். பொதுச் சொத்து, வளம், வருங்காலத் தேவை, எல்லாம் எடுத்துச் சொன்னேன். கடைசியில் ஃபர்சானா ‘அல்லாவே, யாராவது ஒத்துக்கிட்டுத் தொலைங்கடீ, எனக்கு அசர் தொழணும்’ என்றாள். ஜெபா, ‘சரி வதனி, நீ ஜெயிச்ச’ என்றாள். அவர்களுக்கு நான் வதனிதான்.

ஜெயித்தேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சரியான வாதம் ஜெயிக்கத்தானே செய்யும்?

அப்புறம் ஆடு. ஜெபா ஓர் ஆட்டுக்குட்டி வளர்த்தாள். செவலை நிறம். காட்டில் பிடித்து, தினம் தழை போட்டுப் பழக்கினாள். அவள் போகிற இடமெல்லாம் மணியை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வரும். அந்த ஆட்டத்தில் நாம் செத்தால் குடிசையில் மறுபடி எழுந்துவிடலாம். ஆடு மாடு செத்தால் செத்ததுதான். போன வாரம் மலைச்சரிவில் ஜெபாவை ஓநாய் துரத்தியது. ஓடி வந்தாள். சரிவு முழுக்க உடைந்த கல். ஓட ஓடக் கல்லெல்லாம் தாவித் தாவி அவள் பைக்குள் ஏறியது. பாதிச் சரிவில் முந்நூறு தாண்டிவிட்டது. நின்றுவிட்டாள்.

மருந்து என்னிடம் இருந்தது. நான் கீழேதான் இருந்தேன். ஆனால் என் பையும் நிரம்பித்தான் இருந்தது மதினி, வழியில் ஒரு கட்டை ஏறி எனக்கும் முந்நூறு தாண்டிவிட்டது. கல்லையும் கட்டையையும் கரைக்கிற பட்டறை குடிசையில் இருக்கிறது, எதையாவது வாயில் போட்டுத்தான் குறைக்க வேண்டும். பையைத் திறந்து பார்க்கிறேன். ரொட்டியைத் தின்று குறைக்கலாமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் போகும்போது வேண்டும். தேன் மருந்துக்கு வேண்டும். ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருகிறேன், ஃபர்சானா ‘ஏதாவது தின்னுடீ, எது வேணாலும் தின்னுடீ’ என்று கத்துகிறாள். பதற்றத்தில் முடிவெடுக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடமே இருக்கிறது. நான் முடிவெடுத்தபோது ஜெபா குடிசையில் எழுந்துவிட்டாள். ஆடு எழவில்லை.

‘கல்லு மேல ஓடாதேன்னு நான் சொன்னேனா இல்லையா?’ என்று கேட்டேன். சொல்லியிருந்தேன். ஜெபா ஒன்றும் பேசவில்லை. கோபப்பட்டால் பதில் சொல்லலாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். பேசாமல் இருக்கிறவளை என்ன செய்வது? நான் அந்த இடத்துக்குப் போய் ஆட்டு மணியை எடுத்து வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அது என்ன, கால் கிலோ.

தண்ணீர் கொடுங்க.

நேற்றுதான் கடைசி நாள். ஃபர்சானாவின் தம்பி ரியாஸுக்குச் சென்னையில் எஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது. அந்த லேப்டாப்பைத்தான் எடுத்துப் போகிறான், சாயங்கால ரயிலில். போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டானாம். படிக்கிற பிள்ளை! அதோடு தீவும் போச்சு.

தீவின் வடக்கு முனையில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அணைந்து கிடக்கும். அதில் எண்ணெய் ஊற்றி ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. ஏற்றும்போது அடியில் யார் யார் நிற்கிறார்களோ அவர்கள் பேரெல்லாம் அங்கே இருக்கிற கல்லில் தானாக எழுதப்படும். இத்தனை நாள் நாங்கள் ஆடினதே அதற்குத்தான். மூன்று பேர் பேரும் அந்தக் கல்லில் வரவேண்டும். அதை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இனி ஃபர்சானா ஓசூரில் வேலைக்குப் போகிறாள், ஜெபா தூத்துக்குடியில் பி.எட். சேருகிறாள். நான் இங்கே இருக்கிறேன். எங்கே பார்க்கப் போகிறோம்?

‘சால்வை, ரொட்டி, எண்ணெய். மூணே சாமான். வெறுங்கையோட ஓடிடலாம்’ என்றாள் ஃபர்சானா. நான் சரி என்றேன். நீங்க முன்னால போங்க, எண்ணெயை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று குடிசைக்குள் போனேன்.

பெட்டியெல்லாம் வரிசையாக இருக்கிறது மதினி. மூன்று பேரும் சேர்ந்து சேர்த்தது. முதல் நாள் செய்த கல் கோடாலி, பிடி கோணல். ஜெபா நெய்த திரை. ஃபர்சானா செய்த ஒரு நாற்காலி, யாருமே உட்கார முடியாது, சாய்ந்துவிடும். நாளைக்கு அந்தத் தீவே இருக்காது. எப்படி விட்டுவிட்டுப் போவது? எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்தேன். கல்லை எதற்கு எடுத்தாய் என்று ஃபர்சானா அப்புறம் கேட்டாள். அந்தக் கல்லை உடைத்தது யார்? சும்மா வந்ததா?

முந்நூறு எப்போதோ தாண்டியாயிற்று. தெம்புக் கஷாயம் என்று ஒன்று உண்டு. குடித்தால் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பங்கு தூக்கலாம். கைவசம் இருந்தது ஒன்றுதான். அதைக் குடித்துவிட்டு நடந்தேன். பனிவெளியின் நட்டநடுவில் தெம்பு தீர்ந்தது. நின்றுவிட்டேன்.

தூரத்தில் மலைமேல் கலங்கரை விளக்கம் தெரிகிறது. அவர்கள் இரண்டு பேரும் அதன் அடிக்கே போய்விட்டார்கள். ‘எங்கடீ இருக்க?’ என்றாள் ஃபர்சானா. சொன்னேன். ‘போட்டுட்டு வா’ என்றாள். எதைப் போட என்று கேட்டேன். ‘எல்லாத்தையும்.’ சரி, போட்டேன். உங்கள் மேல் சத்தியமாகப் போட்டேன் மதினி. கல்லைக் கீழே போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் தாவி மறுபடி என் பைக்குள் ஏறுகிறது! கட்டையைப் போட்டால் கட்டை ஏறுகிறது. நாற்காலியைப் போட்டால் நாற்காலி. பெட்டி செய்து உள்ளே வைக்கலாமென்றால் பட்டறை குடிசையில். அந்த ஏற்பாட்டை எடுக்க வேண்டுமென்றால் ஃபர்சானா தீவையே மூடிவிட்டுத் திறக்க வேண்டும். மூடினால் மூன்று பேரும் குடிசையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு நேரம் ஏது? ரியாஸ் கதவுக்கு வெளியே ‘அக்கா, ஆட்டோ சொல்லியாச்சு’ என்று கத்துவது எனக்கே கேட்கிறது.

அப்போதுதான் ஜெபா வாயைத் திறந்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம். ‘யாருட்டி உன்ன இவ்வளவையும் தூக்கச் சொன்னா?’

யார் சொல்ல வேண்டும்? எனக்கு அப்படியே உச்சிக்கு ஏறிவிட்டது. மைக்கை அணைத்தேன். அணைத்துவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன், ஒவ்வொன்றாக, இந்தச் சுவரைப் பார்த்து. அம்மா எட்டிப் பார்த்து ‘யாரோட சண்ட?’ என்று கேட்டுவிட்டுப் போனாள். சொல்லிக்கொண்டே கல்லையும் கட்டையையும் கீழே போடுகிறேன், அது ஏறுகிறது, மறுபடி போடுகிறேன். பேசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், பனியில் இரண்டு பேர் என்னைப் பார்த்து ஓடி வருகிறார்கள்.

எண்ணெய் வாங்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்கு ஒருத்தி வந்தால் போதாதா? அது அப்புறம்தான் தோன்றியது.

கிட்டே வராதே, வராதே என்று கத்தினேன். மைக் அணைந்து கிடக்கிறது. நான் அப்போதுதான் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மொத்தத்தையும் ஒரே மூச்சாகக் கீழே கொட்டியிருக்கிறேன். அவர்கள் வந்து காலை வைத்தார்களோ இல்லையோ, அத்தனையும் அவர்கள் மேல் பாய்ந்தது. கல்லெல்லாம் ஜெபாவுக்கு. கட்டை, இரும்பு, அந்த நாற்காலி எல்லாம் ஃபர்சானாவுக்கு. இரண்டு பேரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள்.

சிரிச்சிட்டீங்க. பரவாயில்லை, அவர்களும் சிரித்தார்கள். ஜெபா முதலில். ஆடு செத்ததிலிருந்து சிரிக்காதவள். ‘ஏட்டி வதனி, உன் ரூலுட்டி! நீ ஜெயிச்ச ரூலுட்டி!’ என்று மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். ஃபர்சானா, ‘என் நாற்காலியவுமாடீ தூக்கிட்டு வந்த’ என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

என் பையைப் பார்த்தேன். எண்ணெய், ரொட்டி, மணி. எடை எங்கேயோ கீழே கிடக்கிறது. கால் நகர்கிறது.

‘ஓடுடீ! அங்கயே நிக்காத, மறுபடி உன்மேல ஏறிரும், ஓடு!’ என்று ஃபர்சானா கத்தினாள்.

நான் மைக்கைப் போட்டேன். ‘நான் மட்டும் போனா என் பேரு மட்டும்தான் வரும். மூணு பேரும்னுதானே பேச்சு? அது நியாயமா?’ என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே? ‘வதனி, ஒரே ஒரு தடவ, பேசாமச் செய்டீ’ என்றாள் ஃபர்சானா. ஜெபா, ‘நீ போ ட்டி. நாங்க இங்கன இருந்து பாக்கோம்’ என்றாள்.

ஓடினேன். அந்த ஆட்டத்தில் நான் ஓடினதே இல்லை மதினி. இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட. ஓடினால் காற்றுச் சத்தம் வேறு மாதிரி கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது. பனி, பாறை, மரம் எல்லாம் இரண்டு பக்கமும் பின்னால் போகிறது. காதில் அவர்கள் இரண்டு பேரும் வலது பக்கம், இடது பக்கம் என்று வழி சொல்கிறார்கள். மேலே ஏறி எண்ணெயை ஊற்றினேன். ‘ஏற்றவா?’ என்று திரையில் கேட்கிறது. கீழே பார்த்தேன். பனிவெளியில் இரண்டு புள்ளி.

‘இப்பவும் சொல்றேன், இது சரியில்ல’ என்றேன். சொல்லிவிட்டு அழுத்தினேன்.

எப்பேர்ப்பட்ட வெளிச்சம் என்கிறீர்கள். பனி முழுக்க மஞ்சளாக ஆகிவிட்டது. கடல் தெரிந்தது. அடியில் அந்தக் கல்லில் எழுத்து விழுந்தது: மதிவதனி. அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது, சும்மா கிடந்தது. காதில் யாரோ ‘ஏ...’ என்று ஆரம்பித்தார்கள். ஜெபாவா, ஃபர்சானாவா, தெரியவில்லை. அது வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்ன ‘ஏ’யா, ரியாஸ் லேப்டாப்பைப் பிடுங்கினதற்குச் சொன்ன ‘ஏ’யா, அதுவும் தெரியவில்லை. அதோடு திரை கறுத்துவிட்டது. தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி. படம்கூடப் பிடிக்கவில்லை. பிடித்து என்ன? அதில் யார் பேர் இருக்கிறது?

ராத்திரி ஃபர்சானா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. காலையில் ஜெபா. அதையும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வார்கள்? நீதான் ஏற்றினாய், வாழ்த்துகள் என்பார்கள். எனக்கா வாழ்த்து? நான் மூன்று பேருக்கும் சேர்த்துத்தானே எல்லாவற்றையும் தூக்கினேன்? இல்லை மதினி, நீங்களே சொல்லுங்க, நான் சொன்னதில் ஏதாவது ஓர் இடத்தில் தப்பு இருக்கிறதா?

என்ன? அவர்கள் பார்த்தார்களா என்றா கேட்கிறீர்கள்?

அதைத்தானே நானும் நேற்றிலிருந்து... அந்த வெளிச்சம் அவர்கள் பக்கம் வந்ததா, வருவதற்குள் மூடிவிட்டானா. அது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் விவாதத்துக்குரியது.

இந்தாங்க போன். ஜெபா நம்பர் மேலேயே இருக்கிறது பாருங்க. நீங்க கேளுங்க. ஸ்பீக்கரில் வேண்டாம். இல்லை, ஸ்பீக்கரில் போடுங்க. நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.